பரங்கிக்காய்ப் பருவத்துக்குச் சில புத்திமதிகள்

இல்லினாய் மாநிலத்துக்கு வந்து முதல் இலையுதிர்காலத்தைப் பார்க்கிற இளம் பெற்றோருக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் மேசையை இந்த ஆண்டு தலையில் ஏற்றுக்கொண்ட தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஊரில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தவன் நான். செப்டம்பர் கடைசியில் மளிகைக் கடை வாசலில் மரப்பெட்டி நிறையப் பரங்கிக்காய் வந்து இறங்கும். ஹாலோவீன் முடிந்த மறுநாள் அதையே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இவ்வளவு மலிவான, இவ்வளவு பெரிய சோதனைப் பொருள் பிள்ளைகளுக்கு வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. அதை வீணாக்காமல் இருக்கச் சில வார்த்தைகள்.

1. எந்தக் காய் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்.

முகம் செதுக்குவதற்கென்று விற்கிற பெரிய ஆரஞ்சுக் காய் பெரும்பாலும் ஹவ்டன் போன்ற ரகம். தோல் கெட்டி, உள்ளே வெற்றிடம் அதிகம், சதை நார்நாராக இருக்கும், ருசி கிடையாது. சோதனைக்கு அதுதான் ராஜா. அதை நறுக்கி சாம்பாரில் போட்டுவிட்டு என்னிடம் வந்து குறை சொல்லாதீர்கள். சமையலுக்கு, 'பை' செய்வதற்கென்று விற்கிற சின்னக் காயை வாங்குங்கள். நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிற பரங்கிக்காய் தாவரவியலில் குக்கர்பிட்டா மொஸ்கேட்டா என்னும் இனம். முகம் செதுக்கும் காய் குக்கர்பிட்டா பெப்போ. வேடிக்கை என்னவென்றால், பியோரியா பக்கத்தில் மார்ட்டன் என்ற ஊரில் லிப்பிஸ் நிறுவனம் டப்பாவில் அடைக்கிற டிக்கின்சன் ரகமும் மொஸ்கேட்டாதான். 'உலகப் பரங்கிக்காய்த் தலைநகர்' என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்த ஊரின் டப்பாவுக்குள் இருப்பது, வாசலில் சிரிக்கிற ஆரஞ்சுக் காயைவிட நம் ஊர்ப் பரங்கிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

வாங்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்தால் அந்த வாயிலிருந்துதான் அழுகல் தொடங்கும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; நெகிழ்ந்தால் வைத்துவிடுங்கள். அலங்காரத்துக்கென்று விற்கிற குட்டிச் சுரைக்காய்களைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். அவற்றில் குக்கர்பிட்டசின் என்ற கடுங்கசப்பு உண்டு, வயிற்றைப் புரட்டிவிடும்.

2. ஊகம் முதலில், கத்தி பிறகு.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவு வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நுரை பொங்குவதும் புகை வருவதும் வேடிக்கை. "என்ன ஆகும்?" என்று பிள்ளை முன்கூட்டியே சொல்லி, எழுதி, பிறகு பார்த்து, "நான் நினைத்தது நடக்கவில்லையே, ஏன்?" என்று கேட்கும்போதுதான் அது சோதனை. ஆளுக்கொரு நோட்டு கொடுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. அறிவியல் மேசையில் மொழிப் பரீட்சை வைக்காதீர்கள். எழுதிய ஊகத்தை அழிக்க மட்டும் விடக் கூடாது. தவறிப்போன ஊகத்தின் மேல் கோடு கிழித்துப் பக்கத்தில் நடந்ததை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காயையும் மாற்றி, அளவையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

3. மிதக்குமா, மூழ்குமா என்று தொடங்குங்கள்.

கத்தி வேண்டாம், ரசாயனம் வேண்டாம். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். திராட்சை, ஆப்பிள், உருளைக்கிழங்கு, கடைசியில் பெரிய பரங்கிக்காய். ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்லுங்கள். காயைத் தூக்கவே முடியாமல் திணறிய பையன் அது மூழ்கும் என்று அடித்துச் சொல்வான். அது மிதக்கும், கையளவு திராட்சை மூழ்கும். கனம் வேறு, அடர்த்தி வேறு என்பதை நான் வகுப்பில் ஒரு வாரம் கரும்பலகையில் எழுதியதைவிடத் தொட்டி ஒரு நொடியில் சொல்லிவிடும்.

பெரிய பிள்ளைகளாக இருந்தால், "எவ்வளவு பெரியதானாலும் மிதக்குமா?" என்ற கேள்வியை விடுங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்சர் என்ற ஊரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற ராட்சத ரகத்தை உருவாக்கினார். அதே ஊரில் 1999-ல் அந்தக் காய்களைக் குடைந்து, உள்ளே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஏரியைக் கடக்கும் பந்தயமும் தொடங்கினார்கள். 2023-ல் மின்னசோட்டாவின் அனோகாவைச் சேர்ந்த தோட்டக்கலை ஆசிரியர் டிராவிஸ் கீங்கர் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே எடைப் போட்டிக்குக் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அன்றைய உலக சாதனை அது. அந்தப் படத்தைக் காட்டுங்கள். காய் உருண்டையாக இருக்காது, தன் கனத்திலேயே அமுங்கிச் சப்பென்று படுத்திருக்கும். ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.

4. விதை எண்ணுவதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள்.

என் கணக்கில் பரங்கிக்காய்ச் சோதனைகளில் இரண்டாவது சிறந்தது இதுதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று காய்களை மேசையில் வையுங்கள். திறப்பதற்கு முன் ஒவ்வொன்றின் எடை, நூல் வைத்து அளந்த சுற்றளவு, மேலிருந்து கீழே ஓடும் வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். எதில் விதை அதிகம்? ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பெரிய காயைத்தான் காட்டும்.

பிறகு மேல்பக்கத்தை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். கையை உள்ளே விடுவதற்குச் சில பிள்ளைகள் முகம் சுளிக்கும். அந்தக் கொழகொழப்பும் சோதனையில் ஒரு பகுதிதான், கரண்டி கொடுத்து அதைக் கெடுக்காதீர்கள். நாரோடு சேர்த்துப் பெரிய பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் நார் பிரியும், விதை மேலே மிதக்கும். வடிகட்டித் துணியில் ஒற்றி எடுத்து, இட்லித் தட்டின் குழிக்குப் பத்தாகப் போடச் சொல்லுங்கள். நாலு குழித் தட்டு நிரம்பினால் நாற்பது. பத்துப் பத்தாக எண்ணுவதற்கு இதைவிட நல்ல கருவியை எந்தப் பள்ளிக்கூடக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

விடை பல தடவை பிள்ளைகளை ஏமாற்றும். சின்னக் காய் பெரிய காயை முந்திவிடுவதும் உண்டு. அப்போது "காரணம் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாருக்கும் வராவிட்டால் இதைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு விதையும் உருவாக ஒரு மகரந்தத் துகள் போய்ச் சேர வேண்டும். பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீக்கள் சுமந்து வர வேண்டும். அந்தப் பூ விரிந்திருந்த காலை வேளையில் தேனீ எத்தனை தடவை வந்து போனது என்பதும் விதைக் கணக்கில் இருக்கிறது. இந்த நாட்டில் பரங்கிப் பூவையே நம்பி வாழும் தனித் தேனீ இனம் ஒன்று உண்டு. ஆண் தேனீ மதியத்துக்கு மேல் வாடி மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிடும். இதைச் சொன்னால் பிள்ளைகள் அடுத்த கோடைக்குத் தோட்டம் போடச் சொல்லி உங்களை நச்சரிப்பார்கள். அது உங்கள் பாடு.

வரிகள் அதிகமான காயில் விதை அதிகம் என்று சிலர் சொல்வார்கள். மூன்று காயை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எல்லா வீட்டுக் கணக்கையும் ஒரு தாளில் சேர்த்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. வெட்டுவது உங்கள் வேலை.

இந்த நாட்டுக் கை அறுவை மருத்துவர்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் இதே எச்சரிக்கையைத்தான் விடுகிறார்கள். சமையலறைப் பெரிய கத்தி தோலில் சிக்கும், இழுக்கும்போது வழுக்கிக் காயைப் பிடித்திருக்கும் கையில் ஏறும். கடையில் செதுக்குவதற்கென்றே விற்கிற சின்ன ரம்பக் கத்தியை வாங்குங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, உடம்பிலிருந்து விலக்கி வெட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்கெட்ச் பேனாவும் கரண்டியும் போதும்.

6. எரிமலை வையுங்கள், ஆனால் எண்ணிக்கையோடு வையுங்கள்.

குடைந்த காய்க்குள் வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்து நுரை வழிய விடுவதை எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள். கண்ணும் வாயும் வெட்டியிருந்தால் அவற்றின் வழியாகவும் வழியும். பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிடுவார்கள். முதல் தடவை கத்த விடுங்கள். இரண்டாம் தடவையிலிருந்துதான் உங்கள் வேலை.

ஒரு கண்ணாடித் தம்ளரில் 100 மில்லி வினிகர் ஊற்றிக் காய்க்குள் வையுங்கள். கடையில் கிடைப்பது 5 சதவீத அசிட்டிக் அமிலம். அரைத் தேக்கரண்டி சோடாவைப் போடச் சொல்லுங்கள். பொங்கி அடங்கும். மறுபடி அரைக் கரண்டி. மறுபடி. ஏறத்தாழ ஒன்றரைக் கரண்டி போனபிறகு பொங்குவது நின்றுபோய், சோடா அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். "இன்னும் போடு, இன்னும் போடு" என்று குதிக்கிற கூட்டம் அங்கே அமைதியாகும். அவ்வளவு வினிகரில் இருக்கிற அமிலத்துக்கு 7 கிராம் சோடாதான் சரிக்குச் சரி. அதற்கு மேல் கொட்டினால் சோடாதான் வீண். பிறகு அமிலம் தீர்ந்துவிட்டதா, சோடா தீர்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு. ஒன்று, இந்த அளவில் வரும் கரியமில வாயு சுமார் 2 லிட்டர். பாட்டில் வாயில் பலூனை மாட்டிச் செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம். மற்றது, கலவைக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிமலை என்ற பெயரை நம்பிச் சூடேறும் என்பார்கள். சில டிகிரி குளிரும். வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் வினை இது.

7. யானைப் பற்பசை செய்தால் மருந்துக்கடை பெராக்சைடோடு நில்லுங்கள்.

மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலில் விற்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அரைக் கோப்பை அது, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பீய்ச்சு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்ட் ஒரு பொட்டலம். ஈஸ்டில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும், சோப்பு அதை நுரையாகப் பிடித்துக்கொள்ளும். காயின் வாய் வழியாக அது மெதுவாகப் புரண்டு வரும். எரிமலையை முடித்தவுடனே இதைச் செய்தால் நல்லது. இங்கே தெர்மாமீட்டர் ஏறும்; அங்கே இறங்கியது. இரண்டும் நுரைதான், கதை நேர் எதிர்.

படங்களில் கூரை வரை பாய்கிறதே என்று கேட்பார்கள். அது 30 சதவீதம். தோலை வெந்து வெளுக்க வைக்கும். வீட்டுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அது வரக் கூடாது.

8. கார்பைடு பக்கமே போகாதீர்கள்.

சில கல்லூரி வேதியியல் துறைகள் ஹாலோவீனுக்குக் காயை வெடிக்க வைத்துக் காட்டுவதுண்டு. முன்கூட்டியே வெட்டிப் பொருத்திய கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே நொடியில் தெறித்து வரும். உள்ளே கால்சியம் கார்பைடும் தண்ணீரும் சேர்ந்து அசிட்டிலின் வாயு உண்டாகிறது. நம் ஊரில் மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்க, சட்டம் தடுத்தும் சிலர் பயன்படுத்துகிறார்களே, அதே கல். காற்றில் இரண்டரை சதவீதம் அசிட்டிலின் கலந்தாலே ஒரு பொறி போதும். அவர்களிடம் தடுப்புக் கண்ணாடி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. நம்மிடம் இருப்பது மடிப்பு நாற்காலி.

9. எண்ணெயில் நிறம் இறங்குவதைக் காட்டுங்கள்.

சத்தம் கிடையாது, நுரை கிடையாது; ஆனாலும் பாட்டிமார் கூட்டம் இதைத்தான் சுற்றி நிற்கும். பரங்கிக்காயைத் துருவி இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சமமாகப் போடுங்கள். ஒன்றில் வெந்நீர், மற்றதில் அதே சூட்டில் சமையல் எண்ணெய். கை பொறுக்கும் சூடு போதும். மூடிக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெய் நன்றாக மஞ்சளேறும், தண்ணீர் லேசாகக் கலங்கி நிற்கும். காய்க்கு நிறம் தருவது கரோட்டின் என்ற பொருள். அது கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால் அதற்கு அந்தப் பெயர். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பரங்கிக்காய்ப் பொரியலில் எண்ணெய் விட்டுத் தாளிப்பதற்கு ருசியைத் தாண்டியும் நியாயம் உண்டு.

அப்படியே வெளியே கூட்டிப்போய் மரங்களைக் காட்டுங்கள். இலைகளின் மஞ்சளும் இதே குடும்பத்து நிறமிதான். கோடை முழுக்கப் பச்சையத்தின் அடியில் அது மறைந்திருந்தது. குளிரில் பச்சையம் சிதைந்ததும் தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் வேறு கதை. அது ஆந்தோசயனின், இலையுதிர்காலத்தில் புதிதாக உண்டாவது.

10. அழுக விடுங்கள்.

முதல் இடம் எதற்கு என்று நாலாவதில் சொல்லாமல் விட்டேன். இதற்குத்தான். நம் ஆட்களுக்கு இது பிடிக்காது. வாசலில் அழுகல் இருந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்பார்கள். பின்பக்கத்தில் வையுங்கள், ஆனால் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனைகளையே பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஒரு மாதம் ஓடும் சோதனை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது முழுக் காய். முகம் செதுக்கிய ஒன்றையும் செதுக்காத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், எடை, உயரம், ஒரு படம். செதுக்கிய காய் சில நாளிலேயே உதடு சுருங்கிப் பல் போன கிழவன் முகமாகிவிடும். தண்ணீர் போவதுதான் காரணம். பரங்கிக்காயில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு தண்ணீர். அந்தக் கட்டத்தில் அதை ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு முக்கி வைத்தால் முகம் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். செல்கள் தண்ணீரை உள்ளே இழுத்து விறைப்பதைச் சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படித்ததைப் பார்க்கிற வாய்ப்பு நமக்கும் அன்றைக்குத்தான். செதுக்காத காயோ தோல் உடையாததால் பல வாரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அணில் கடித்தால் அதையும் நோட்டில் ஏற்றுங்கள். இந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, ஆனால் பசி நம் ஊர் அணிலுக்குக் குறைந்ததில்லை. கடித்த இடத்தைச் சுற்றித்தான் அழுகல் தொடங்கும். தோல் எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கு அதுதான் விடை.

இரண்டாவது துண்டுகள். ஒரே காயிலிருந்து ஒரே அளவில் ஐந்து துண்டு. ஒன்றை எதுவும் செய்யாமல் விடுங்கள். ஒப்பிட அதுதான் அடிப்படை. ஒன்றை வினிகரில் முக்குங்கள், ஒன்றில் உப்பைப் பிசறுங்கள், ஒன்றில் வாசலின் தடவுங்கள், ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். தனித்தனி ஜிப் பையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, வாயை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எது முதலில் பூசணம் பிடிக்கும், எது கடைசியில்? உப்புத் துண்டு முதல் நாளே தண்ணீர் விட்டுச் சுருண்டுகொள்ளும். மாவடு போடுகிற வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து ஆச்சரியப்படாது.

பூசணம் வந்ததும் பூதக்கண்ணாடி கொடுங்கள். வெள்ளை நூல்கள் பின்னிப் பரவும். அவற்றின் நுனியில் குண்டூசித் தலைபோல் கறுப்புப் புள்ளிகள் எழுந்தால் அவை வித்துப் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணில்லாத வித்துகள். நூல்கள் சுரக்கும் நொதிகள், செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைப்பதால்தான் சதை கூழாகிறது. பிள்ளைகள் பையைத் திறந்து முகர்ந்து பார்க்க ஆசைப்படும். எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிற இடம். முடிந்ததும் பையோடு குப்பைக்குப் போகட்டும். வாயு சேர்ந்து பை உப்பினால் பயப்பட வேண்டாம், அதுவும் ஒரு குறிப்புதான். தொடக்கத்திலேயே பெரிய பையாக எடுத்துக்கொண்டால் போதும்.

11. பிளீச்சும் வினிகரும் ஒரே மேசைக்கு வரக் கூடாது.

செதுக்கிய காய் கெடாமல் இருக்கப் பிளீச் கரைசலில் முக்கச் சொல்லி இங்கே பலர் யோசனை சொல்வார்கள். சோதனைப் பட்டியலில் அதையும் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எரிமலைக்கு வைத்த வினிகர் அதில் கலந்தால் குளோரின் வாயு வரும். 1915-ல் ஈப்ரஸ் போர்முனையில் வீரர்கள் மேல் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். பிளீச்சைக் கழிவறை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

12. விதையை முளைக்க வையுங்கள். வறுத்ததையும் சேர்த்து வையுங்கள்.

பச்சை விதை, வறுத்த விதை, வேக வைத்த விதை. ஒவ்வொன்றிலும் பத்து. நனைத்த காகிதத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வையுங்கள்; அங்கே கொஞ்சம் கதகதப்பு இருக்கும். ஜன்னலோரம் வேண்டாம். நவம்பர்க் கண்ணாடி சில்லென்று இருக்கும், 15 டிகிரிக்குக் கீழே பரங்கி விதை கண் திறக்காது. ஒரு வாரம் பத்து நாளில் பச்சை விதையின் கூர்முனையிலிருந்து வேர் எட்டிப் பார்க்கும். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். இது பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வறுத்த விதை செத்துப்போனது என்று பிள்ளைக்கு யார் சொன்னது?

முளைத்த விதையைத் தொட்டியில் நட்டால் காய் வருமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொடி வெளிறி நீண்டு துவளும், காய்க்காது.

13. மின்சாரத்துக்காகக் காய்க்குப் பட்டம் கட்டாதீர்கள்.

ஒரு செப்புக் கம்பி, ஒரு துத்தநாகப் பூச்சு ஆணி. இரண்டையும் காயில் குத்தினால் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மூன்று நான்கு துண்டுகளைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். 'பரங்கிக்காய் மின்சாரம் தருகிறது' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். ஆணியிலிருக்கும் துத்தநாகம் கரைவதால் வருகிற மின்சாரம் அது. காயின் சாறு பாதை மட்டும்தான். ஆணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செப்பையே குத்தச் சொல்லுங்கள், விளங்கிவிடும். ஆணி குத்திய துண்டைச் சமைக்கக் கூடாது.

14. உறைபனியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நவம்பரில் ஒரு கடும் குளிர் இரவு வரும். மறுநாள் வெயில் ஏறியதும், முந்தின நாள் கல்லாய் இருந்த காய் தொளதொளத்துவிடும். பனிக்கட்டி விரிந்து செல்சுவர்களைக் கிழித்ததன் விளைவு. அந்த இரவுக்குக் காத்திருக்க முடியாவிட்டால் ஒரு துண்டை உறைபெட்டியிலும் ஒன்றைச் சாதாரணக் குளிரிலும் வைத்து, மறுநாள் இரண்டையும் தட்டில் போட்டு எதிலிருந்து எவ்வளவு நீர் வடிகிறது என்று அளந்து பாருங்கள்.

15. மெழுகுவர்த்தி வேண்டாம்.

பேட்டரி விளக்கு போதும். மாறுவேட உடையும் திறந்த சுடரும் ஒரே வாசலில் இருக்கக் கூடாது. மூடியை வைத்ததும் சுடர் ஏன் மங்குகிறது என்று காட்டத் தோன்றினால், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து நீங்களே ஒரு முறை காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள்.

16. முடிந்த காயைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போடாதீர்கள்.

குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு வரும். காற்றுப் படும்படி மக்க வைத்தால் அது மண்ணாகும். சிகாகோவைச் சுற்றியுள்ள பல ஊர்களில் ஹாலோவீனுக்கு அடுத்த வாரம் பழைய காய்களைச் சேர்த்து மக்க வைக்கிறார்கள். சில இடங்களில் பிள்ளைகளே ஓங்கிப் போட்டு உடைக்கலாம். கொண்டுபோகும் முன் மெழுகு, சாயம், ஜிகினா எல்லாம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டத்தில் புதைப்பதானால் துண்டாக்கிப் புதையுங்கள், விதைகளை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூனில் புல்தரை முழுக்கக் கொடி ஓடும்.

காயைக் கொண்டுபோவதற்கோ புதைப்பதற்கோ முன் கடைசியாக ஒரு முறை தராசில் வையுங்கள். அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது இந்த எடையைத்தான். பிறகு கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.